குவாலிஸுக்குப் பாடி புஷ் மாற்றினேன்

வண்டி 2003 டொயோட்டா குவாலிஸ். திருவொற்றியூரில் கடல் காற்றிலேயே இத்தனை வருஷமாக நிற்கிறது, அதனால் அடியில் துரு பிடிக்காத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதமாக ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் டிரைவர் காலுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். ஷாக் அப்சார்பர் மாற்றினேன், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புஷ் மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. அப்புறம் ஒரு நாள் பின் கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தேன், கதவை லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழுகிறது. கீலை ஆட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நிற்கிறது. பாடியே அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டது.

இந்த மாதிரி வண்டிகளில் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. நடுவில் எட்டிலிருந்து பன்னிரண்டு இடங்களில் ரப்பர் புஷ் வரும். சேசிஸ் பிராக்கெட்டுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் குழல், அதற்குள் நீளமான போல்ட். மேல் துண்டு பாடியைத் தாங்கும், கீழ் துண்டு பள்ளத்தில் பாடி எம்பாமல் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் கீழ் துண்டுகள் பாதி இடத்தில் காய்ந்த ரொட்டி மாதிரி கையோடு உதிர்ந்து வந்தன.

வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் பழைய புஷ் ஒன்றைக் கையோடு கொண்டு போனேன். முதல் கடையில் காட்டிய ரப்பரில் நகம் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது, வேண்டாம் என்று வந்துவிட்டேன். ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் வாங்கலாமா என்றும் யோசித்தேன். அது நெடுநாள் உழைக்கும், ஆனால் டீசல் எஞ்சின் அதிர்வு முழுக்க சீட்டுக்கு ஏறும், வீட்டில் அம்மா முதுகுவலியோடு உட்காருகிற வண்டி இது. ரப்பரே எடுத்தேன். மேல் துண்டை வெர்னியரில் அளந்தேன், புதுசு 32 மி.மீ., பழசு 23.

வேலைக்கு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் ராத்திரி எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தேன். இதைச் செய்யாமல் யாரும் ஸ்பானரைத் தொட வேண்டாம். சனிக்கிழமை காலையில் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரி கழற்றி, டீசல் ஊற்றுகிற குழாயின் கிளாம்பைத் தளர்த்தி, ஃபேன் மேல் கூட்டையும் கழற்றி வைத்தேன். பாடியைத் தூக்கும்போது ரேடியேட்டர் அதோடு மேலே போகும், ஃபேன் எஞ்சினோடு கீழேயே நிற்கும், இடிக்க ரொம்ப நேரம் ஆகாது. ஸ்டியரிங் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், கியர் லீவர் ரப்பர் மூன்றையும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நின்று பார்க்க வேண்டும்.

வலப்பக்க போல்ட்களைத் தளர்த்தி மட்டும் விட்டு, இடப்பக்கத்தை முழுசாகக் கழற்றினேன். முதல் மூன்றும் ஸ்பானர் பிடியில் நீளத்துக்குப் பைப் போட்டதும் வந்துவிட்டன. நாலாவது, பின் சீட்டுக்குக் கீழே இருப்பது, சுலபமாகச் சுற்றியது, ஆனால் இறங்கவே இல்லை. பக்கத்துப் பட்டறை டிங்கர் அண்ணன் குனிந்து காதை வைத்துக் கேட்டார். "நிறுத்து தம்பி, உள்ள நட்டும் சேர்ந்து சுத்துது."

பாடிக்குள் கூண்டு மாதிரி ஒரு தகட்டில் நட் உட்கார்ந்திருக்கும், துருவில் அந்தக் கூண்டு விட்டுப்போயிருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கி, நட்டுக்கு நேர் மேலே தரைத் தகட்டில் 2 அங்குலத்துக்கு வட்டமாக வெட்டி, மேலே ஒரு ஸ்பானர், கீழே ஒரு ஸ்பானர் பிடித்துக் கழற்றினோம். அண்ணன் தடித்த பட்டையில் புது நட்டை வெல்டு வைத்துக் கொடுத்தார். ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, துளையை ரப்பர் மூடியால் அடைத்தேன். இந்த ஒரு நட்டுக்கே சனிக்கிழமை முழுசும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவில் நீளமான மரக்கட்டை கொடுத்து இடப்பக்கத்தை 2 அங்குலம் தூக்கினேன். கட்டை இல்லாமல் தூக்கினால் தகடு உள்ளே போய்விடும். புஷ்ஷை நுழைக்க சோப்புத் தண்ணீர்தான், எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் ஊதிவிடும். பழைய இரும்புக் குழல்களைத் தூக்கிப் போடாமல் துருவைத் தேய்த்துத் திரும்பப் போட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: போல்ட் இறுகும்போது ரப்பர் ஓரளவு நசுங்கியதும் அந்தக் குழல்தான் முட்டி நின்று பாரத்தை வாங்கும். குழல் இல்லாமல் இறுக்கினால் இறுகிக்கொண்டே போய்ப் புது ரப்பர் பிதுங்கிவிடும், ஆறு மாதத்தில் திரும்பவும் அதே சத்தம் வரும்.

இடப்பக்கம் எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, பாடியை இறக்கி, அப்புறம் வலப்பக்கம். அங்கே ஒரு நட்டும் மக்கர் செய்யவில்லை, மதியத்துக்குள் முடிந்தது. இரு பக்கமும் சேர்ந்த பிறகுதான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முழுசாக இறுக்கினேன்.

பின் கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே பூட்டில் விழுகிறது. எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளங்களில் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன், 'டொக்' இல்லை. முன் பம்பர் மட்டும் ஒரு பக்கம் சற்று மேலே தெரிகிறது, அதன் பிராக்கெட்டைத் தளர்த்திச் சரி செய்ய வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டிலும் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். வெல்டு வைத்த அந்த நாலாவது மட்டும் கால் சுற்று ஏறியது.