லாரியில் வந்த என் வீடு

நான் இப்போது குடியிருக்கும் வீடு லாரியில் வந்தது. அன்று எதிர்ச் சாரியில் நின்று வேடிக்கை பார்த்தேன். வீடு என்பது தார்ப்பாய் சுற்றிய ஒரு பெட்டி; அதை கிரேன் தூக்கி, கீழே இருந்த பெட்டியின் மேல் இறக்க அரை மணிநேரம்கூட ஆகவில்லை. உள்ளே குளியலறை டைல்ஸ், சமையல் மேடை, ஸ்விட்ச் எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தியாகிவிட்டது.

வாடகைக்குப் பதிவு செய்தபோது கையில் கொடுத்தது வெறும் வரைபடம்தான். 250 சதுர அடி. காகிதத்தில் எல்லா வீடும் தாராளமாகத்தான் தெரியும். அதனால் பழைய வீட்டு மொட்டைமாடியில் அதே அளவுக்கு சாக்பீஸால் கோடு கிழித்து, கட்டில், மேசை, பீரோ மூன்றையும் ஏற்றி வைத்து இரண்டு ராத்திரி படுத்துப் பார்த்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சரி. ஆனால் சிக்கல் பரப்பளவில் இல்லை, அகலத்தில் என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டி சாலையில் வந்தாக வேண்டும். எனவே அதன் அகலத்தை லாரிதான் தீர்மானிக்கிறது. சுவர் போக எனக்கு மிஞ்சியது பத்தரை அடி. கட்டிலைப் போட்டால் பீரோ கதவு திறக்காது. பீரோவை விற்றேன், கட்டிலுக்குப் பதில் சுவரோடு மடங்குவதை வாங்கினேன்.

கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: குழாய் பழுதானால் எந்தப் பக்கமாகப் பிரிப்பீர்கள்? டோக்கியோவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் எழுந்த நாககின் கேப்ஸ்யூல் டவரும் இப்படிப் பெட்டிகளால் ஆன அடுக்குமாடிதான், மொத்தம் 140 பெட்டிகள். 25 ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி மாற்றுவதாகத் திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவ வழியில்லாத அமைப்பு வேறு. 2022இல் கட்டடத்தையே பிரித்துவிட்டார்கள். அதே கதை இங்கே வேண்டாமே! மேற்பார்வையாளர் பதில் பேசாமல் ஸ்குரூடிரைவரை எடுத்து, வராந்தாப் பக்கம் இருந்த தகட்டைக் கழற்றிக் காட்டினார். குழாய், வயர் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில். அப்புறம்தான் பேனாவை எடுத்தேன்.

குடிபோன வாரத்தில் பார்த்தால், பயணக் குலுக்கலில் இரண்டு டைல்ஸ் விரிசல். மாற்றித் தந்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவர் என்பதால் பக்கத்து வீட்டு டிவி கேட்பதே இல்லை. மேல்வீட்டில் கதவை அறைந்தால் மட்டும் இரும்புச் சட்டம் வழியாக அதிர்வு என் தலையணை வரை இறங்குகிறது.

முதல் மழைக்கு, என் பெட்டியும் வராந்தாவும் சேரும் இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டு ஈரமில்லை. ஒழுகியது ஜன்னல்.