பீரோவுக்குப் பின்னால்

2015 டிசம்பர் வெள்ளத்தில், வேளச்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்ததும் கழுவிவிட்டு, பொங்கலுக்குள் பெயின்ட் அடித்தாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. பகலில் சும்மா இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்காரவைத்துவிடும். சிரப், இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக், சித்தரத்தைக் கஷாயம், எதற்கும் அடங்கவில்லை. பொங்கலுக்குச் சிவகங்கை போனபோது மூன்றாம் நாள், "என்னடி, இருமல் சத்தத்தையே காணோம்?" என்றாள் அம்மா. சென்னை திரும்பிய அன்றிரவே மறுபடி ஆரம்பித்தது.

இதைச் சொன்னதும் நுரையீரல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுச் சுவரில் ஓதம் இருக்கிறதா?" இல்லவே இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து பீரோவை நகர்த்தினால், இடுப்பு உயரத்துக்குக் கருப்பாகப் பூத்திருந்தது. உள்ளே பட்டுப்புடவை மடிப்பில்கூடப் பூசணம்.

ஒவ்வாமைப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அந்த வாரம் நரகம். முன்னங்கையில் ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களின் சாற்றைச் சொட்டு சொட்டாக விட்டு ஊசியால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைச் சொட்டு விட்ட இடம் தடித்துவிட்டது. ஊதிப் பார்த்ததில் ஆஸ்துமா என்று உறுதியானது. இன்ஹேலர் பழகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்தினார்கள். நல்லவேளை, நான் கேட்கவில்லை.

ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மூக்கைக்கூட மூடாமல் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைத் தேய்த்தேன். அன்றிரவு வந்த இழுப்பு மாதிரி அதற்கு முன் வந்ததில்லை. மேலே இரண்டு கோட் பெயின்டும் அடித்தோம். இரண்டே மாதத்தில் பெயின்ட் உப்பி, கருப்பு திரும்ப வந்தது. ஈரம் உள்ளே இருக்கும்வரை மேலே எதைப் பூசி என்ன? செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்று மருத்துவர் அப்புறம்தான் சொன்னார்.

வெள்ளத்தின் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தோம். பிளம்பர் வந்து பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் இணைப்பில் கசிவு! ஹவுஸ் ஓனரிடம் மூன்று மாதம் மல்லுக்கட்டி, பாதிச் செலவு எங்களுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை நடந்தது. பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி, ஒரு மாதம் காயவிட்டார்கள். அதுவரை நான் அக்கா வீட்டில் இருந்தேன்.

திரும்பி வந்ததும் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன். 60 சதவீதத்தைத் தாண்டினால் மின்விசிறி, எக்ஸாஸ்ட் இரண்டும் ஓடும். மழை நாளில் துணியை அறைக்குள் காயப்போடுவதில்லை. ஆறு மாதம் கழித்து மருத்துவர் மருந்தளவைப் பாதியாக்கினார். இன்ஹேலர் இன்னும் கைப்பையில் இருக்கிறது. பீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது.