தாங்குமா என்ற கேள்வி

அமெரிக்க மாநிலம் ஒன்றின் வனவிலங்குத் துறையில் நான் உயிரியலாளன். எத்தனை கரடிகளைச் சுடலாம் என்று முடிவு செய்யும் ஆணையத்தின் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இவ்வளவு கரடிகளைச் சுட்டால் இனம் தாங்குமா?" தாங்கும் என்றேன். கணக்கு அப்படித்தான் சொன்னது. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஒரு பெண் மைக் முன் வந்து என்னைப் பார்த்தே கேட்டார்: "தாங்கும் என்பதற்காகச் சுட வேண்டுமா? வேண்டும் என்று யார் முடிவு செய்தது?" ஊழியர்கள் பதில் சொல்லும் வழக்கமில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் மேலதிகாரி சொன்னார்: "அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் சம்பளம் அவரிடமிருந்து வரவில்லை."

அமெரிக்க மாநில வனவிலங்குத் துறைகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. துறைக்கு வரும் பணத்தில் வேட்டை உரிமக் கட்டணம் ஒரு பக்கம். மறுபக்கம் 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம்: வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி, கைத்துப்பாக்கிக்கு 10. அந்தப் பணத்தின் பெரும்பகுதியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது பாதியை நிலப்பரப்பும், பாதியை உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. வேட்டைக்காரர்கள் குறைந்தால் துறையின் பங்கும் குறையும். அவர்கள் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதனால் எங்கள் வேலையாகிவிடுகிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் இன்று இவ்வளவு பெருகியிருப்பதில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. என் கணக்கும் வேட்டைக்காரர்கள் தந்ததுதான். கரடியைச் சுட்டவர் அதன் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சிறு பல்லைப் பிடுங்கி, உறையில் போட்டு அனுப்புவார். சிலவற்றில் காய்ந்த ஈறு ஒட்டியிருக்கும். அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வேரை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் ஆண்டுக்கு ஒரு வளையம் தெரியும். பெண் கரடி என்றால் குட்டி வளர்த்த ஆண்டுகளின் வளையம் குறுகியிருக்கும். அது எந்தெந்த ஆண்டில் தாயாக இருந்தது என்பதை அந்தப் பல்லிலேயே படித்துவிடலாம். இப்படிப் படித்த வயதுகளைத் தொகுத்துத்தான் "தாங்கும்" என்ற விடைக்கு வந்தேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உயிரியலாளன் தன் விருப்பத்தை அறிவியல் என்று மேடையில் வைத்தால், நாளை வேறொருவர் சுட வேண்டும் என்ற தன் விருப்பத்தையும் அப்படியே வைப்பார். இந்த நியாயத்தை இன்றும் நம்புகிறேன். ஆனால் ஆளுநர் நியமித்த ஆணையத்தில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்கள். அவர்கள் முன்னால் "தாங்குமா" என்பதை மட்டும் வைத்தால், "வேண்டுமா" என்பதற்கான விடை முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. அதில் என் நடுநிலை யாருக்கு உதவியது?

சில நேரம் அந்தக் கணக்கைக்கூட யாரும் பொருட்படுத்துவதில்லை. 2021 பிப்ரவரியில் விஸ்கான்சினில் நடந்த ஓநாய் வேட்டையை எங்கள் துறையில் எல்லோரும் அறிவோம். நவம்பர் வரை காத்திருக்க நினைத்த அந்த மாநிலத் துறையை, வேட்டை ஆதரவு அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்து உடனே வேட்டையை நடத்த வைத்தது. கொல்லலாம் என்று அனுமதித்த 200 ஓநாய்கள் என்ற மொத்த ஒதுக்கீட்டில் ஓஜிப்வே பழங்குடியினருக்கு 81. அவர்கள் ஓநாயைக் கொல்வதில்லை. மற்றவர்களுக்கு 119. மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள் செத்தன, அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். அந்தத் துறையிலும் என்னைப் போல் கணக்குப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

மேலதிகாரி சொன்னது என்னை உறுத்துவதற்குக் காரணம் அது பொய் என்பதல்ல. அந்தப் பெண் வரி கட்டத் தயாராகவே இருக்கலாம், அதை வாங்க வழிதான் இல்லை. வனவிலங்குகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் தரும் மசோதா 2022இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் வாக்கெடுப்புக்கே வராமல் நின்றுவிட்டது. அது சட்டமாகியிருந்தால் மேலதிகாரி அன்று அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்று முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. பணம் எங்கிருந்து வந்தாலும் ஆணைய நாற்காலிகளில் அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த ஒதுக்கீட்டுக்கு நானும் "தாங்குமா" என்றுதான் கணக்குப் போடுவேன், ஏனென்றால் "வேண்டுமா" என்று என்னிடம் யாரும் கேட்கப்போவதில்லை.