ஃபெல்ஸ் பாயின்ட்டில் வாடகை வீடு

அமெரிக்காவின் பால்டிமோரில் எங்களுக்கு வீடு அமைந்தது ஃபெல்ஸ் பாயின்ட்டில். துறைமுகத்தை ஒட்டிய பழைய பகுதி, சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டிய குறுகலான செங்கல் வீடுகள், கல் பாவிய தெரு, கார் நிறுத்த இடம் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். வாடகையை ஊரில் சொல்லவே இல்லை.

இப்போது பாரும் ஓட்டலுமாக இருக்கும் இந்தக் கரை முழுக்க 1830களில் கப்பல் கட்டும் பட்டறைகள். பின்னாளில் அடிமைமுறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் புகழ்பெற்ற கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் இங்கேதான் தொழில் பழகினார். மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து அடித்துத் தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. கை தேர்ந்ததும் நாளுக்கு ஒன்றரை டாலர் கூலி. ஆனால் அவர் அடிமை, அதனால் வாரக்கூலியை அப்படியே எஜமானர் ஹியூ ஆல்டிடம் கொடுத்துவிட வேண்டும். 1838இல் வேறு ஏற்பாடு: வேலையை அவரே தேடிக்கொள்ளலாம், வாரம் 3 டாலர் கட்டினால் போதும். சாப்பாடு, துணி, தொழில் கருவி எல்லாம் சொந்தச் செலவு. மழையில் வேலை கிடைக்காவிட்டாலும் அந்த 3 டாலர் வந்தாக வேண்டும்.

நம்ம பசங்க ஆபீஸ் சலிப்பில் "அடிமைப் பொழைப்புடா" என்பார்கள். என் சம்பளத்திலும் ஏஜென்சிக்காரன் கமிஷன் எடுக்கிறான், எரிச்சல்தான், ஆனால் பிடிக்காவிட்டால் விசா தலைவலியோடு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். டக்ளஸ் போவதென்றால் மாலுமி உடையில், இன்னொருவரின் அடையாளத் தாளை வைத்துக்கொண்டு ரயிலேறித் தப்பியாக வேண்டியிருந்தது. பிராட் தெருவிலோ ஆஸ்டின் உல்ஃபோக் என்ற அடிமை வியாபாரி ஆட்களை அடைத்துவைத்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தான்.

அடிமை என்றதும் நமக்குப் பருத்திக்காடுதான் தோன்றும். இங்கே அடிமையும், விடுதலை பெற்ற கறுப்பரும், வெள்ளைக் கூலிக்காரரும் ஒரே பட்டறையில். 1830 வாக்கில் இந்த ஊரில் அடிமைகளைவிடச் சுதந்திரக் கறுப்பர்களே மும்மடங்குக்கும் மேல். யார் மலிவாகக் கிடைக்கிறாரோ அவரை வைத்துக்கொள்ளலாம், முதலாளிக்கு எப்படியும் லாபம்தான். பிழைப்பு போய்விடும் என்ற வெள்ளைத் தொழிலாளர்களின் பயமோ முதலாளி பக்கம் திரும்பவில்லை, கறுப்பர்கள் மேல்தான் பாய்ந்தது. டக்ளஸை நாலு பேர் சேர்ந்து கண் பிதுங்க அடித்தார்கள், சுற்றி நின்ற ஐம்பது பேரில் ஒருவரும் தடுக்கவில்லை.

பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைமுறை ஒழிந்தது 1864இல். அடுத்த வருஷமே வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கறுப்பர்களைப் பட்டறைகளிலிருந்து வெளியேற்றினார்கள். அப்புறம் ஐசக் மையர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியும் கூட்டாளிகளும் பங்கு திரட்டிச் சொந்தமாகவே ஒரு பட்டறை தொடங்கி, வெள்ளையர்களுக்கும் அதில் வேலை கொடுத்தார்கள். இங்கே தேம்ஸ் தெருவில் டக்ளஸ், மையர்ஸ் இருவர் பெயரிலும் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் பாருங்கள், காரை மட்டும் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.