கமிஷன் வராத மாதங்களில் என்ன செய்தேன்

ரியல் எஸ்டேட் முகவர் வேலைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பார்ட்டி எப்படிப் பிடிக்கிறது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: "கமிஷனே வரவில்லை என்றால் எத்தனை மாதம் வீட்டை ஓட்ட முடியும்?" என்னோடு தொடங்கி, பாதியிலேயே இந்தத் தொழிலை விட்டுப் போனவர்களில் பலர் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள். கையிருப்பு தீர்ந்ததால் போனார்கள்.

ஒரு வீடு கைமாறுவதற்குள் எவ்வளவு நடக்க வேண்டும் என்று பாருங்கள். வாங்குபவர் பல வீடுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று குடும்பத்தில் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும். விலை படிய வேண்டும். வங்கி கடன் தர வேண்டும். வக்கீல் பத்திரங்களைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அப்புறம்தான் பதிவு. நடுவில் எங்கே நின்றுபோனாலும் அதுவரை அலைந்ததற்குக் கூலி கிடையாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும், முதல் சந்திப்பிலிருந்து பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

இதனால்தான் பழைய வேலையை விடுவதற்கு முன்பே ஒரு வருட வீட்டுச் செலவைத் தனியாகச் சேர்த்து வைத்தேன். கமிஷன் வரத் தொடங்கிய பிறகு, அது முழுவதும் ஒரு தனிக் கணக்குக்குப் போகும். வரிக்கான பங்கை முதலில் ஒதுக்கிவிடுவேன். பெட்ரோல், போன், விளம்பரம் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே போகும். மீதியிலிருந்து மாதம் ஒரே தொகையைச் சம்பளம் மாதிரி எடுத்துக்கொள்வேன். அடுத்தடுத்து இரண்டு வீடுகள் முடிந்த மாதத்திலும் அதே தொகைதான். வீட்டில் இதற்கு ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இந்தப் பணக் கணக்கை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாடகை கட்டப் பணமில்லாத முகவரால், விற்கும் வீட்டின் சுவரில் இருக்கும் ஈரத்தை வாங்குபவருக்குக் காட்ட முடியாது. இந்த பேரம் முடிந்தால்தான் இந்த மாதம் ஓடும் என்ற நிலையில், நல்ல மனிதர்கள்கூட வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தம்பதிக்கு ஒரு வீடு மிகவும் பிடித்துவிட்டது. அன்றே முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அந்த வீட்டுக்குப் போகும் பாதை பக்கத்து நிலத்தின் வழியாக இருந்தது. அந்தப் பாதையில் நடக்கும் உரிமை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. இத்தனை காலம் யாரும் தடுக்கவில்லை, அவ்வளவுதான். நான் இதைச் சொன்னதும் அந்த அம்மா, "என்னம்மா, விற்க வந்த நீயே இப்படிச் சொல்கிறாயே?" என்றார். "நாளைக்குப் பக்கத்து நிலம் கைமாறினால் நீங்கள்தானே அம்மா கஷ்டப்படுவீர்கள்? பாதை உரிமையை எழுதி வாங்க முடியுமா என்று முதலில் கேட்போம்" என்றேன். பக்கத்து நிலத்துக்காரர் எழுதித் தரவில்லை. பேரம் நின்றது. அவர்கள் கடைசியில் வேறொரு முகவர் மூலம் வேறு வீடு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த அம்மாவின் தங்கையும் தங்கையின் அலுவலகத் தோழிகளும் நேராக என்னிடம் வந்தார்கள். விளம்பரத்தைப் பார்த்து வருபவர்களோடு முதலில் நம்பிக்கையை வளர்க்க வேண்டும். இப்படி வருபவர்கள் நம்பிக்கையோடுதான் வந்து உட்காருகிறார்கள்.

உரிமம், பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அந்தச் சட்டத்துக்குள் வரும் திட்டங்களில் விற்க முகவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத திட்டத்தின் விற்பனைக்கு அவர் துணைபோகக் கூடாது. கணக்குகளை முறையாக வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் கொடுக்கிறது. சிங்கப்பூரில் ஒரே பேரத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே முகவர் இருக்க முடியாது. இந்த விதிகளைத் தொல்லை என்று சொல்லும் சக முகவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதிலும் இருபக்கமும் கமிஷன் வாங்குவதைத் தடுக்கும் விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. விற்பவருக்கு விலை ஏற வேண்டும், வாங்குபவருக்கு இறங்க வேண்டும். இருவருக்காகவும் ஒரே ஆள் எப்படி முழு மனதோடு பேசுவார்? என் ஊர் விதி அனுமதித்தாலும் நான் ஒரு பக்கம்தான் நிற்பேன். யார் பக்கம், கமிஷன் எவ்வளவு, எப்போது என்று முதல் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுவேன். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டிலிருந்து, தேசிய முகவர் சங்கத்தின் மீதான வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின் விளைவாக, வாங்குபவரிடம் இப்படி எழுதி வாங்குவது நடைமுறையாகிவிட்டது. முன்பணத்தையும் நான் கையால் தொடுவதில்லை. வாங்குபவர் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கோ, வக்கீல் வைத்திருக்கும் கணக்குக்கோ நேராகப் போகட்டும்.

தொழிலைக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் தெருத்தெருவாக நடந்ததுதான். ஊர் முழுக்க ஓடாமல் நான்கைந்து சின்னப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கும், எந்தக் கட்டடத்தில் பராமரிப்புப் பணம் பாக்கி, எந்த வீட்டில் வாரிசுகள் இன்னும் பிரித்துக்கொள்ளவில்லை என்று காவலாளிகளிடமும் பிளம்பர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்ன விலை, படிந்த விலை, எத்தனை நாள் சந்தையில் இருந்தது என்று எழுதி வருகிறேன். சொன்ன விலை எல்லோருக்கும் தெரியும். படிந்த விலைதான் முகவரின் சொத்து.

அந்த நோட்டு மிகவும் உதவுவது விற்பவர்களிடம் பேசும்போது. பெரும்பாலான ஓனர்கள் மனதில் ஒரு விலையோடு வருவார்கள். அது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதாகச் சொன்ன விலையாக இருக்கும். வீட்டை விற்றுக்கொடுக்கும் வாய்ப்பு கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகத் தலையாட்டிவிட்டு, பிறகு மாதாமாதம் குறைக்கச் சொல்லும் வழக்கம் தொழிலில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. வீடு சந்தைக்கு வரும் முதல் சில வாரங்களில்தான் ஆர்வமுள்ளவர்கள் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். அப்போது விலை எட்டாமல் இருந்தால் போய்விடுவார்கள். பிறகு விலையைக் குறைத்தாலும், "இவ்வளவு நாள் ஏன் விற்கவில்லை, ஏதாவது வில்லங்கமா?" என்ற சந்தேகம் வந்துவிடும். நோட்டைத் திறந்து காட்டி இதைச் சொல்லுவேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு முகவரிடம் போவார்கள். போகட்டும் என்று விடுவதற்கும் அந்தத் தனிக் கணக்குதான் தைரியம் கொடுக்கிறது.

இன்னொரு வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாகப் புதிய ஆட்களிடம் பேசுவேன், அல்லது பழைய ஆட்களை விசாரிப்பேன். அன்றைக்கே பதிவு இருந்தாலும் இந்தப் பேச்சை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஒரு பேரம் முடியும் நேரத்தில் பத்திரம், வங்கி, வக்கீல் என்று நாள் முழுவதும் போய்விடும். அந்த வாரங்களில் புது ஆட்களைத் தேடாமல் விட்டால், அதன் விளைவு அப்போது தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கையில் ஒன்றுமே இருக்காது. சந்தை படுத்துவிட்டது என்று சொல்லும் பல முகவர்களுக்கு நடந்தது இதுதான் என்பது என் கருத்து.

சந்தை உண்மையிலேயே படுக்கும் காலமும் உண்டு. வட்டி ஏறும்போது என்ன நடக்கிறது என்பதற்கு 2022 நல்ல உதாரணம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனுக்கு வட்டி 3 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. அக்டோபருக்குள் 7-ஐத் தொட்டுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அதே மாதத் தவணைக்குக் கிடைக்கும் கடன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வாங்குபவர் ஆசையை விட்டுவிடவில்லை, அவர் கை எட்டும் தூரம்தான் சுருங்கிவிட்டது. எங்கே வட்டி ஏறினாலும் கணக்கு இதுதான். அதனால் வட்டி மாறும்போதெல்லாம் என்னிடம் தேடிக்கொண்டிருப்பவர்களை அழைத்து, புதிய தவணையில் எவ்வளவு வரை போகலாம் என்று மறுபடி கணக்குப் போட்டுக் கொடுப்பேன். இன்னும் கொஞ்ச நாள் வாடகையிலேயே இருங்கள் என்று சொல்ல வேண்டி வந்தால் அதையும் சொல்வேன். அந்தக் காலங்களில் நானும் வாடகை வீடுகள் பக்கம் திரும்புவேன். கமிஷன் சின்னது, அலைச்சல் பெரியது. ஆனால் வேலை சீக்கிரம் முடியும், தனிக் கணக்கும் வற்றாது. இன்றைக்கு வாடகைக்கு வரும் இளம் குடும்பம் சில வருடங்களில் வீடு வாங்கத் தேடும்போது யாரை முதலில் அழைக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

பதிவு முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. மின் இணைப்புப் பெயர் மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிவந்த முதல் வாரத்தில் ஒழுகும் குழாய். இதற்கெல்லாம் கமிஷன் கிடையாது. ஆனாலும் செய்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை போன் போட்டு விசாரிக்கிறேன். அந்த அழைப்பில் விற்பனைப் பேச்சே எடுப்பதில்லை.

இப்போது என்னிடம் தொழில் கற்க ஒரு பெண் வருகிறாள். வேலையை உடனே விடட்டுமா அக்கா என்று கேட்டாள். வேண்டாம், சனி ஞாயிறுகளில் வாடகை வீடுகளைக் காட்டு, வரும் கமிஷனைத் தொடாமல் சேர்த்து வை, ஒரு வருடச் செலவு சேர்ந்ததும் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அவளைத் தெருக்களைப் பார்க்கக் கூட்டிப்போகிறேன்.