ஜெமுல்போவில் சரக்கு போன வழியைத் தேடி நடந்தது

தென் கொரியாவின் இஞ்சியோன் நகரத்தில் பழைய துறைமுகப் பகுதிக்குப் போகிறவர்களில் பலர் சைனாடவுனில் நூடுல்ஸ் சாப்பிட்டு, படிக்கட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. 1883-ல் துறைமுகம் திறந்த பிறகு ஜெமுல்போவில் (இந்தத் துறைமுகத்தின் பழைய பெயர்) வந்திறங்கிய ஜப்பானியர், சீனர், ஜெர்மானியர், அமெரிக்கர் எல்லாம் அங்கே எப்படித்தான் வியாபாரம் செய்தார்கள்? ஒரு கட்டுத் துணி கப்பலிலிருந்து கடைக்கு எந்த வழியாக வந்தது என்று பார்த்து, அதே வரிசையில் நடப்பது என்று முடிவு செய்தேன்.

போவதற்கு முன் ஒரு விளம்பரத்தைப் படித்துவிடுங்கள். சேச்சாங் யாங்ஹேங் என்ற ஜெர்மன் கம்பெனி 1886 பிப்ரவரியில் ஹன்சோங் ஜூபோ பத்திரிகையில் கொடுத்தது, கொரியாவின் முதல் பத்திரிகை விளம்பரம் என்று சொல்கிறார்கள். இன்றைய கொரிய மொழியில் பெயர்த்த வடிவம் கிடைக்கிறது, அதை வைத்து மெதுவாகப் படித்தேன். புலித்தோல், மாட்டுத்தோல், நரித்தோல், மனிதத் தலைமுடி, கொம்பு, குளம்பு, புகையிலை, பழைய காசு எல்லாம் வாங்குவோம் என்கிறார்கள். விற்பதற்குக் கடிகாரம், விளக்கு, கண்ணாடி, பொத்தான், தீப்பெட்டி. குழந்தையோ முதியவரோ வந்தாலும் ஏமாற்ற மாட்டோம் என்று ஒரு உறுதிமொழி வேறு. எந்தக் கட்டடத்தையும்விட அந்த ஒரு விளம்பரம்தான் எனக்கு அந்தச் சந்தையைக் கண்முன் கொண்டுவந்தது.

சரி, நடைக்கு வருவோம். சியோலிலிருந்து மெட்ரோ ரயிலின் ஒன்றாம் லைனில் கடைசி ஸ்டேஷன் இஞ்சியோன். இறங்கியதும் கடல் தெரியும் என்று நினைக்காதீர்கள், கரையை மண் கொட்டி நிரப்பி வெகுதூரம் தள்ளிவிட்டார்கள். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஒன்பது மீட்டர் வரை மாறும், வற்றினால் வெறும் சேறு. அதனால் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட, சரக்கைச் சின்னப் படகுகளில் ஏற்றி, நீர் ஏறும் நேரம் பார்த்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கடல் வற்றினாலும் உள்ளே நீரைத் தேக்கிவைக்கும் மதகு வைத்த கப்பல்துறை வந்தது 1918-ல்தான், அதுவரை வணிகர்கள் எல்லோருக்கும் கடல்தான் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது.

கரையேறியதும் சுங்கம். அதை 1883-ல் அமைத்தவர் மோலன்டார்ஃப் என்ற ஜெர்மானியர். அந்த வருடம் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தப்படி பருத்தித் துணிக்கு 7.5 சதவீத வரி, வெளியே போகும் சரக்குக்கு 5 சதவீதம்.

அடுத்தது வங்கித் தெரு, இங்கே நிதானமாக நேரம் செலவழியுங்கள். ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ‘பதினெட்டாம் வங்கி’ 1890-ல் கட்டிய கிளை இப்போது கட்டடக்கலைக் கண்காட்சி. பக்கத்தில் தாய்-இச்சி என்ற இன்னொரு ஜப்பானிய வங்கியின் 1899 கட்டடம், அதுதான் துறைமுக அருங்காட்சியகம். நாகசாகி வணிகர்கள் ஷாங்காயில் பிரிட்டிஷ் துணியை வாங்கி வந்து இங்கே விற்றார்கள், பதினெட்டாம் வங்கி இங்கே கிளை திறந்தது அவர்களுக்காகத்தான். அதாவது இங்கிலாந்துத் துணி, சீனச் சந்தை, ஜப்பான் பணம், கொரிய வாடிக்கையாளர்! அந்தத் துணியைச் சீன வணிகர்களும் ஷாங்காயிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்தார்கள், போட்டி கடுமையாகவே இருந்தது. கொரியர்கள் பக்கம் கேக்ஜு என்ற தரகர்கள் உண்டு. சரக்கை வைக்க இடம், வியாபாரிக்குத் தங்க இடம், கடன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்கள் இல்லாமல் வெளிநாட்டுக்காரர் யாரும் உள்ளூருக்குள் எளிதில் விற்றிருக்க முடியாது, ஆனால் அந்தப் பகுதியில் அவர்களைப் பற்றிய குறிப்புகள் குறைவாகவே கண்ணில் பட்டன. அது எனக்கு வருத்தம்தான்.

சீன, ஜப்பான் குடியிருப்புகளின் எல்லையாக இருந்த படிக்கட்டில் ஏறினால் இரு பக்கமும் கல்விளக்குகள் வேறு வேறு பாணியில் இருக்கும். மேலே 1888-ல் அமைத்த பூங்கா, கொஞ்சம் கீழே வெளிநாட்டவர் கூடிய 1901 ஜெமுல்போ கிளப். இரண்டையும் நான் சீக்கிரமே முடித்துக்கொண்டேன்.

அப்புறம் டவுன்சென்ட். மண்ணெண்ணெய் விற்ற அமெரிக்கர், 1892-ல் நீராவியில் ஓடும் அரிசி ஆலையும் போட்டார். அரிசிதான் ஜப்பானுக்குப் போன முக்கியச் சரக்கு என்பதால் அந்த முடிவு எனக்கு நன்றாகவே புரிந்தது. 1918-ல் இந்த ஊரிலேயே இறந்தார். வெளிநாட்டவர் கல்லறைகளை 2017-ல் புப்யோங் பக்கம் இருக்கும் இஞ்சியோன் குடும்பப் பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள், பழைய வரைபடத்தை நம்பி, அவை முன்பு இருந்த சோங்ஹாக்-தோங் பக்கம் தேட வேண்டாம். துறைமுகப் பகுதியிலிருந்து அது தூரம், அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.