விளக்கு பிடிச்ச பொண்ணும் என் வைவாவும்: ஆர்ட்டிஸ்ட் பத்தி நெட்ல எப்படி தேடணும்னு கொஞ்சம்

பிஎஃப்ஏ (ஓவியப் பட்டப்படிப்பு) கடைசி வருஷ வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ரவிவர்மா பத்தி ஸ்லைடு போட்டு பேசிட்டு இருக்கேன். ஒரு கையில விளக்கு, இன்னொரு கையால காத்து படாம மறைச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்கும், விரல் இடுக்குல எல்லாம் வெளிச்சம் செவப்பா தெரியுமே, அந்த படம் வந்துச்சு. ஆயில் பெயிண்டிங்னு வேற அடிச்சு விட்டேன். வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் ரொம்ப சாதாரணமா "ரவிவர்மா எந்த வருஷம்மா இறந்தார்?"னு கேட்டார். 1906 சார்னு டக்குனு சொன்னேன், அதுல ஒரு பெருமை வேற. "இந்த படம் 1940கள்ல போட்டது, செத்து நாப்பது வருஷம் கழிச்சு எந்திரிச்சு வந்து போட்டாரா?"ன்னார். ரூமே சிரிச்சுது.

அது எஸ்.எல்.ஹல்தாங்கர்னு மகாராஷ்டிரா ஓவியர் போட்ட வாட்டர்கலர், மைசூர் ஜகன்மோகன் அரண்மனை கேலரில இருக்கு, அவர் பொண்ணுதான் அதுக்கு மாடல். அதே கேலரில ரவிவர்மா ஒரிஜினல்களும் இருக்கறதால போய் பாக்குறவங்களே மாத்தி சொல்லிடுறாங்க, அப்புறம் அது காலண்டர்ல, போஸ்டர்ல, ஏதோ ஒரு கோச்சிங் பிடிஎஃப்ல எல்லாம் ரவிவர்மா பேர்லயே சுத்துது. நான் எடுத்தது அந்த மாதிரி ஒரு பிடிஎஃப்ல இருந்துதான். கூகுள் இமேஜ்ல போட்டு செக் பண்ணேனே, அங்கயும் ரவிவர்மானுதான வந்துச்சுனு அன்னிக்கு நைட்டு அழுதுட்டே யோசிச்சேன், ஆனா கூகுள் இமேஜ் என்ன பண்ணும், ஆயிரம் பேர் தப்பா எழுதினா அது அந்த ஆயிரத்தையும்தான் காட்டும்.

அதுக்கப்புறம் காலேஜ்ல பாடம் எடுக்கறதுக்கான தகுதித் தேர்வு யுஜிசி நெட், அதுல விஷுவல் ஆர்ட்ஸ் (கோட் 79) படிக்கும்போது என் தேடுற பழக்கத்தையே மாத்திட்டேன், இப்ப ஜூனியர் பசங்க "அக்கா மெட்டீரியல் இருந்தா அனுப்புங்க"னு கேக்குறப்ப எல்லாம் இதைத்தான் சொல்றேன். மெட்டீரியல் விஷயம் இல்ல. பேப்பர் 2ல 100 கேள்வி, 200 மார்க், நெகட்டிவ் மார்க் கிடையாது, ஆனா ஓவியர் - ஓவியம் - மீடியம் - வருஷம்னு பொருத்துக, காலவரிசைனு வர்ற கேள்வில அரைகுறையா தெரிஞ்சா நாலு ஆப்ஷனும் சரி மாதிரியே தெரியும்.

நான் பண்றது ரொம்ப சிம்பிள். படத்தை தேட மாட்டேன், அந்த படம் இப்ப எந்த சுவத்துல தொங்குதுனு தேடுவேன். அந்த மியூசியம் வெப்சைட்ல அந்த படத்துக்குனு ஒரு பக்கம் இருக்கும், அதுல வருஷம், மீடியம், அளவு, யார்கிட்ட இருந்து எப்ப வந்துச்சு, அக்செஷன் நம்பர் (மியூசியம் தன் பதிவேட்டுல குடுக்கற எண்) எல்லாம் இருக்கும். நம்பர் இருக்கற பக்கம்னா யாரோ ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கிட்டு எழுதினதுனு அர்த்தம், பின்டரெஸ்ட்ல அந்த பொறுப்பு யாருக்கும் கிடையாது. கூகுள்ல சைட்னு அடிச்சு கோலன் வெச்சு இடைவெளி விடாம மியூசியம் அட்ரஸை போட்டீங்கனா அந்த மியூசியத்துக்குள்ள மட்டும் தேடும், நிறைய மியூசியத்துல உள்ள இருக்கற சர்ச் பாக்ஸை விட இது நல்லா வேலை செய்யுது.

வெஸ்டர்ன் ஆர்ட்டுக்கு இது சொர்க்கம். நியூயார்க் மெட் மியூசியம் 2017ல மூணே முக்கால் லட்சம் படத்தை யார் வேணா எதுக்கு வேணா எடுத்துக்கலாம்னு திறந்து விட்டாங்க, அவங்க பழைய புத்தகங்களும் நிறைய முழுசா ஃப்ரீயா டவுன்லோட் ஆகும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் ரெம்பிராண்டோட 'நைட் வாட்ச்'ச 2022ல 717 கிகாபிக்சல்ல போட்டாங்க, பெயிண்ட் வெடிச்ச கோடு வரைக்கும் ஜூம் பண்ணலாம் (ஹாஸ்டல் வைஃபைல முயற்சி பண்ணாதீங்க, நான் பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன்). வான்கோவுக்கு தனியாவே ஒரு சைட் இருக்கு, அவர் எழுதினது அவருக்கு வந்ததுனு 902 கடிதம், ஸ்கெட்ச்சோட, இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட. ஒரு படம் எப்ப போட்டார்னு சந்தேகம் வந்தா பல சமயம் தம்பி தியோவுக்கு எழுதின லெட்டர்லயே இருக்கும், எந்த கைடும் வேணாம்.

இப்படி மியூசியம் மியூசியமா போறப்பதான் இன்னொண்ணு புரிஞ்சுது, ஒரு பேர்ல ஒரு படம்தான் இருக்கும்னு இல்ல. 'சன்ஃப்ளவர்ஸ்' லண்டன்ல ஒண்ணு, ம்யூனிக்ல ஒண்ணு, ரெண்டும் 1888, ஆம்ஸ்டர்டாம்ல இருக்கறது 1889. ஹொகுசாயோட பெரிய அலை மெட்லயும் இருக்கு, பிரிட்டிஷ் மியூசியத்துலயும் இருக்கு, சிகாகோலயும் இருக்கு, எது ஒரிஜினல்னு என் ரூம்மேட் ஒரு வாரம் சண்டை போட்டா. எல்லாமே ஒரிஜினல்தான்டி, அது வுட்பிளாக் பிரிண்ட், மரக்கட்டையில செதுக்கி அச்செடுக்கறது, ஒரே கட்டை செட்ல இருந்து எத்தனையோ எடுத்திருக்காங்க. பிரிண்ட்மேக்கிங் கிளாஸ்ல நாங்களே கையால எடிஷன் (ஒரே படத்துக்கு பல பிரதி) எடுத்தவங்கதான், ஆனா நெட்ல தேடும்போது அது ஞாபகம் வரல பாருங்க.

இந்தியன் மாடர்ன் ஆர்ட்டுக்கு வந்தா ஆட்டம் மாறும். யார் வேணா எடுத்துக்கற படங்களை சேத்து வெச்சிருக்கற விக்கிமீடியா காமன்ஸ்ல ரவிவர்மா கொட்டிக் கிடக்கு, அம்ரிதா ஷேர்கில் கிடைக்குது, ஆனா ஜாமினி ராய், கே.சி.எஸ்.பணிக்கர்னு வந்தா திடீர்னு பஞ்சம். நான் முதல்ல நம்மாளுங்கள யாரும் மதிக்கலனு கோவப்பட்டேன். விஷயம் காப்பிரைட். இந்திய சட்டப்படி ஓவியர் இறந்த வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம். ஷேர்கில் 1941ல இறந்ததால 2001 முடிஞ்சதோட ஃப்ரீ, ஜாமினி ராய் 1972, அப்ப 2032 முடியணும், பணிக்கர் 1977, 2037 வரைக்கும் காத்திருக்கணும். இது தெரிஞ்சா எங்க தேடறதுனு தானா புரியும். காப்பிரைட் முடியாதவங்களுக்கு காமன்ஸ்ல நேரத்தை வீணாக்காம டெல்லி என்ஜிஎம்ஏ (தேசிய நவீன கலைக்கூடம்), அப்புறம் மத்திய அரசோட மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா போர்ட்டல் (ஸ்லோவா இருக்கும், பொறுமையா இருங்க), அப்புறம் ஏலக் கம்பெனி கேட்டலாக். ஏலம்னா முகம் சுளிக்காதீங்க, கோடிக்கணக்குல காசு போடறவன் படிக்கறதால அளவு, கையெழுத்து எந்த மூலையில, எந்த எக்சிபிஷன்ல வெச்சாங்கனு எல்லாம் எழுதியிருப்பாங்க. ஆனா "மாபெரும் மேதை"னு எழுதுற பகுதியை ஸ்கிப் பண்ணிடுங்க, அது விக்கறதுக்கு எழுதினது.

படிச்சு புரிஞ்சுக்கணும்னா பெங்களூர் மேப் அகாடமியோட கலைக்களஞ்சியம் நல்லா இருக்கு, சின்ன சின்ன கட்டுரை, இங்கிலீஷும் ஈசி. ஹாங்காங்ல இருக்கற ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ் எனக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்சுது. கலை விமர்சகர் கீதா கபூர், கலைஞர்கள் விவான் சுந்தரம், ஜோதி பட், கே.ஜி.சுப்ரமணியன் இவங்க வீட்டுல வெச்சிருந்த ஃபோட்டோ, லெட்டர், எக்சிபிஷன் இன்விடேஷன் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க. பரோடா ஓவியக் கல்லூரி பத்தி புத்தகத்துல பாரா பாராவா மனப்பாடம் பண்ணி ஏறாதது அங்க ரெண்டு நைட்டு பழைய ஃபோட்டோ பாத்ததுல ஏறிடுச்சு.

இப்ப நம்ம ஊர் மேட்டர். மெட்ராஸ் மூவ்மென்ட் (சென்னை ஓவியக் கல்லூரிய சுத்தி வளர்ந்த நவீன ஓவிய இயக்கம்) பத்தி தேடினா ஒண்ணுமே இல்லனு எல்லாரும் சொல்றாங்க, பாதி நேரம் ஸ்பெல்லிங்தான் பிரச்சனை. இங்கிலீஷ்ல பணிக்கர் பேர்ல வெறும் கே போட்டு எழுதறவங்க இருக்காங்க, சிகே போட்டு எழுதறவங்க இருக்காங்க. சிற்பி ராய் சவுத்ரி பேரை சேத்து, பிரிச்சு, ஓயூ போட்டு, ஓடபிள்யூ போட்டுனு எத்தனை விதம் இருக்குனு எண்ணி முடியாது. தனபாலுக்கு முதல் எழுத்து வெறும் டி-யா டி.எச்-ஆ, சந்தானராஜுக்கு டி-க்கு பின்னாடி எச் உண்டா இல்லையானு எல்லாத்தையும் போட்டு பாக்கணும். அமெரிக்காவுல கெட்டி நிறுவனம் யூலான்னு ஒரு பெயர்ப்பட்டியல் வெச்சிருக்காங்க, ஒரு ஓவியரோட பேர் எப்படி எல்லாம் எழுதப்பட்டிருக்குனு வரிசையா காட்டும், அங்க பாத்து எழுதி வெச்சுக்கிட்டுதான் நான் தேடவே ஆரம்பிப்பேன்.

தமிழ்லயும் டைப் பண்ணி தேடுங்க, இதை ஏனோ யாரும் பண்றதில்ல. மெரினா உழைப்பாளர் சிலையவே எடுத்துக்கோங்க, 1959 ஜனவரில வெச்சது. 'ட்ரையம்ஃப் ஆஃப் லேபர்'னு இங்கிலீஷ்ல போட்டா ராய் சவுத்ரி, பிரெஞ்சு சிற்பி ரோதானோட தாக்கம், டெல்லி என்ஜிஎம்ஏ முன்னாடி நிக்கிற இன்னொரு வார்ப்புனு கலை வரலாறா வரும், தமிழ்ல போட்டா மெட்ராஸ், மே தினம், பீச்னு வேற ஒரு உலகம் வரும், ரெண்டையும் சேத்து படிச்சாதான் அந்த சிலை முழுசா கிடைக்கும். அதே மாதிரி ஆதிமூலம்னு மட்டும் போட்டா அந்த பேர்ல இருக்கற எல்லாரும் வருவாங்க, ஓவியர் ஆதிமூலம்னு போடுங்க, 2008ல அவர் இறந்தப்ப தமிழ் எழுத்தாளர்கள் எழுதின அஞ்சலிக் கட்டுரைகள் கிடைக்கும், சிறுபத்திரிகைக்கு அவர் போட்ட அட்டை, கோட்டோவியம் பத்தி எல்லாம் அதுலதான் இருக்கு, இங்கிலீஷ் கேட்டலாக்ல அந்த பக்கத்தை ஒரு வரியில முடிச்சுடறாங்க. பழைய பத்திரிகையே பாக்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம். கதைய விடுங்க, அதுக்கு போட்ட படத்தோட ஓரத்துல இருக்கற ஓவியர் கையெழுத்தை பாருங்க.

சோத்கங்காவையும் விட்டுடாதீங்க, இந்தியா முழுக்க பிஎச்டி தீசிஸ் போட்டு வெச்சிருக்கற இடம். சில தீசிஸ் மொக்கையா இருக்கும், அத மறைக்க வேணாம். ஆனா கடைசி சாப்டர் ஃபைலை, இல்ல அப்பெண்டிக்ஸை முதல்ல திறங்க, ஓவியர்களை நேர்ல போய் எடுத்த பேட்டி அங்கதான் இருக்கும், அதுல சிலர் இப்ப உயிரோட இல்ல. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருக்கற ஜேஸ்டோர் சைட்ல சும்மா ஒரு அக்கவுண்ட் போட்டா மாசம் 100 கட்டுரை ஆன்லைன்லயே படிக்கலாம், காலேஜ் லாகின் இல்லையேனு உக்காந்து புலம்ப வேண்டாம்.

இப்ப புதுசா ஒரு தொல்லை ஏஐ படங்க. போன மாசம் ஒரு ஜூனியர் ஷேர்கில் ஓவியம்னு ஒண்ணு அனுப்பினா, நல்லாத்தான் இருந்துச்சு, விரல் எண்ணிப் பாத்தா ஆறு. தேடும்போது பிஃபோர்னு போட்டு கோலன் வெச்சு 2021னு அடிச்சா அதுக்கு முந்தின பக்கங்களா வரும், கொஞ்சம் தப்பிக்கலாம். இல்லனா படத்தை வெச்சே தேடற கூகுள் லென்ஸ், டின்ஐ ரெண்டுலயும் போட்டு மியூசியம் பக்கம் எதாவது மாட்டுதானு பாருங்க. மாட்டலனா நோட்ஸ்ல ஏத்தாதீங்க.

நோட்ஸ்னதும் ஒண்ணு, டவுன்லோட் பண்ணின உடனே ஃபைல் பேரை மாத்திடுங்க: ஓவியர், தலைப்பு, வருஷம், மீடியம், எங்க இருக்கு. வெறும் 'இமேஜ் 47'னு ஆயிரம் படம் வெச்சிருந்து எக்ஸாமுக்கு பத்து நாள் முன்னாடி நான் பட்ட பாடு போதும். எனக்கு கடைசில ஒரு 600 படம்தான் தேறுச்சு, ஆனா பேரை டைப் பண்ணி டைப் பண்ணியே பாதி மனப்பாடம் ஆயிடுச்சு.

ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் எங்க ஃபேமிலி குரூப்ல சித்தப்பா அந்த விளக்கு பொண்ணு படத்தை "ரவிவர்மாவின் அற்புத ஓவியம்"னு போடுவார். ஹல்தாங்கர், வாட்டர்கலர், மைசூர்னு நானும் விடாம ரிப்ளை போடுவேன். ஒரு தம்ஸ்அப் வரும். அடுத்த வருஷம் மறுபடி ரவிவர்மா.